வில்லுக்கு வலமும் இடமும்: ஒரு ஆஸ்பத்திரிக் காதலை மேடையேற்றிய அனுபவம்

இளம் டாக்டர்களின் காதலையும் பொறாமையையும் வைத்து நகைச்சுவை எழுத நினைப்பவர்கள் முதலில் டியூட்டி ரோஸ்டரைக் கையில் எடுக்க வேண்டும். யார் யாருக்காக நைட் டியூட்டி மாற்றிக்கொண்டார்கள், யார் கேட்டு வாங்கி ஒரே நாளில் கேஷுவால்டி போட்டுக்கொண்டார்கள், யார் பெயரைப் பேனாவால் அடித்து மேலே வேறு பெயர் எழுதியிருக்கிறது எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். ஒருவருக்குப் பிடித்தவரை ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் ரோஸ்டர் சொல்லிவிடும். வார்டு சிஸ்டர் அதற்கும் முன்னால் கண்டுபிடித்திருப்பார்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக இருந்தபோது நாங்கள் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி போட்டோம். ஜூலை 1, மருத்துவர் தினத்துக்காக. மேற்கு வங்க முதல்வராகவும் இருந்த டாக்டர் பி.சி. ராய் பிறந்ததும் (1882) மறைந்ததும் (1962) அதே தேதியில்தான்; 1991 முதல் அந்த நாளைக் கொண்டாடுகிறோம். எங்கள் ஊரில் அந்தத் தேதிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அது ஆனி மாதம். நெல்லையப்பர் கோயில் தேரோட்டம் அதை ஒட்டித்தான் வரும், குற்றாலத்தில் சாரலும் தொடங்கியிருக்கும். அந்த வாரத்தில் லீவு கேட்காத ஹவுஸ் சர்ஜன் கிடையாது. அதனால் கதைக்கான சண்டையை நாங்கள் எங்கும் தேடவில்லை.

நாடகமாகப் போடாமல் வில்லுப்பாட்டாகப் போட்டோம். அதற்குக் காரணம் ஆசை மட்டும் இல்லை. எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாக ஒத்திகைக்கு வந்த நாளே கிடையாது. ஒருவர் லேபர் வார்டில் இருப்பார், ஒருவர் ஆபரேஷன் தியேட்டரில் அசிஸ்ட் செய்துகொண்டிருப்பார், இன்னொருவர் நைட் முடித்துத் தூங்குவார். நாடகத்தில் ஒரு பாத்திரம் வராவிட்டால் காட்சி நின்றுபோகும். வில்லுப்பாட்டில் அப்படியில்லை. உட்கார்ந்தே பாட வேண்டும், உட்கார்ந்தே பேச வேண்டும். வராதவர் வசனத்தை முன்பாட்டுக்காரர் கதையாகச் சொல்லிவிடலாம். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுக் கதையை நகர்த்துவார். செட் வேண்டாம், திரை வேண்டாம், உடை வெள்ளைக் கோட்டுதான். போன் வந்தால் எழுந்து வார்டுக்கு ஓடிவிட்டுத் திரும்பி வந்து உட்காரலாம். மேடையிலேயே அது நடந்தது, சபை கைதட்டியது. டியூட்டியில் இருப்பவர்கள் கலை நிகழ்ச்சி நடத்த வேண்டுமென்றால் இதைவிடத் தோதான வடிவம் எனக்குத் தெரியாது.

புதிய விஷயத்தை வில்லில் பாடலாமா என்று சிலர் தயங்கினார்கள். காந்தியின் கதையையே வில்லில் பாடிய சுப்பு ஆறுமுகம் (1928–2022) நம் சத்திரப் புதுக்குளத்துக்காரர். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் காட்டிய வழி இருக்கும்போது நமக்கென்ன தயக்கம்?

வில்லடிக்கச் சொல்லிக்கொடுக்க களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கோயில் கொடை விழாக்களில் பாடி வயதானவர். நாங்கள் எழுதி வைத்திருந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதில் இரண்டு டாக்டர்கள் ஒரு பெண்ணுக்காகப் போட்டி போடுவதாக இருந்தது. கேட்டு முடித்துவிட்டு, "அம்மா, இது எல்லா ஊர்லயும் நடக்கது. உங்க ஆஸ்பத்திரில எதுக்குச் சண்ட போடுவிய, அதச் சொல்லுங்க" என்றார்.

ஆளாளுக்குச் சொன்னோம். தேரோட்டத்தன்று யாருக்கு லீவு. முதல் பிரசவம் யார் பார்த்தது. கொடுத்த ஸ்டெத் திரும்பி வரவில்லை. ரவுண்ட்ஸில் என் கேஸை அவன் பிரசென்ட் பண்ணினான். நான் போட்ட வென்ஃப்ளான் ஊசியை அவள் போட்டதாகச் சொன்னாள். பெரியவருக்குப் பாதி புரியவில்லை. ஆனால் நாங்கள் சொல்லும்போது எங்கள் குரல் ஏறுவதைக் கவனித்திருக்கிறார். "குரலு எங்க ஏறுதோ அங்கதான் பாட்டு" என்றார். எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். போட்டி கைக்குள் அடங்கும் ஒரு பொருளைப் பற்றியதாக இருந்தால் சபை உடனே பிடித்துக்கொள்கிறது. மனசு, பாசம் என்று பாடினால் பின்வரிசை பேச ஆரம்பித்துவிடுகிறது.

அப்படி எங்களுக்குக் கிடைத்த பொருள் ஒரு ஸ்டெத்தாஸ்கோப். எல்லோருடையதும் கறுப்பு, கதாநாயகன் மணிமுத்துவுடையது மட்டும் சிவப்புக் குழாய். அது அவன் கழுத்தில் தொடங்கி கதாநாயகி பொருணையின் கழுத்துக்குப் போகும். தேரோட்டத்தன்று அவன் கூட வேலை செய்யும் சித்ராவுக்கு டியூட்டி மாற்றிக்கொடுத்தான் என்று தெரிந்ததும் அவனுக்கே திரும்பி வரும். "என்னுடையது ரிப்பேர்" என்று இன்னொரு டாக்டர் பச்சைமுத்து அதை இரவல் வாங்குவான். யாரும் காதல் என்று வாய்திறந்து சொல்வதில்லை. வில்லுக்கு வலப்பக்கம் இருவர், இடப்பக்கம் இருவர். சிவப்புக் குழாய் இந்தப் பக்கம் வந்தால் சபை சிரிக்கும், அந்தப் பக்கம் போனால் "அடடா" என்னும். முன்பாட்டுக்காரர் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று கேட்டால் அது ஊரை மட்டும் கேட்பதில்லை. ஒரு காதல் கதையில் பெயரையும் ஊரையும் வைத்துவிட்டால், சபையில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போடத் தொடங்கிவிடுவார்கள். சிரிக்க வந்த இடம் சட்டென்று இறுகிவிடும். அதனால் ஆறுகளின் பெயரை வைத்தோம். பொருணை, தாமிரபரணியின் பழைய பெயர். மணிமுத்தாறு, பச்சையாறு, சித்ரா நதி எல்லாம் அதில் வந்து சேர்பவை. எல்லாமே ஒரே தண்ணீர். யார் வீட்டுப் பிள்ளை என்று யாராலும் சொல்ல முடியாது. சாதியை மறைத்துவிட்டுக் காதலைப் பாடுவது சரிதானா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஏனென்றால் இதே வில், முத்துப்பட்டன் கதையில் பொம்மக்காவையும் திம்மக்காவையும் சாதி தாண்டிக் கட்டிய ஒருவனைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் அவர்களுக்குப் பூசையே நடக்கிறது. அந்தக் கதைக்கு அதற்கான கனம் வேண்டும், அரை மணி நேர நகைச்சுவைக்குள் அதை அவசரமாகத் திணிக்கக்கூடாது என்பது என் கட்சி. இன்றும் அதுதான்.

இனி எங்கள் நிகழ்ச்சியின் உயிரான காட்சிக்கு வருகிறேன். அதை எழுதியவர் யாரும் இல்லை என்றே சொல்லலாம். பாம்புக்கடி சிகிச்சை முறையே எழுதிக் கொடுத்துவிட்டது.

இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ஒரு பெரியவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிடுகிறது. கேஷுவால்டியில் பொருணையும் மணிமுத்துவும் டியூட்டி. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. விரியன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. 2 மில்லி ரத்தத்தை எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள்.

பேசாத இருவர், நடுவில் ஒரு குழாய், தொடக்கூடாது, 20 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். இதைவிட நல்ல காட்சி நகைச்சுவைக்கு எங்கே கிடைக்கும்?

முதல் சண்டை குழாயிலேயே வருகிறது. மணிமுத்து தன் அக்கறையைக் காட்டுவதற்காகக் குழாயைச் சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவி வருகிறான். பொருணை தடுக்கிறாள். சோப்பு ஒட்டியிருந்தால் நல்ல ரத்தமும் உறையாது. சோதனை பொய் சொல்லும். பிளாஸ்டிக் குழாயும் உதவாது. அவன் முகம் சுருங்க, சிஸ்டர் ஒன்றும் பேசாமல் புதுக் குழாயை எடுத்து நீட்டுகிறார். கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

அப்புறம் மௌனம். உடுக்கை மட்டும் மெல்ல. படுக்கையில் இருக்கும் பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"எய்யா, ரெண்டு பேரும் அந்தக் குழாயவே பாத்துக்கிட்டு இருக்கியள. அது என்ன, முட்டையா பொரிக்கப் போவுது?"

பதில் இல்லை.

"தாயி, நீங்களாவது பேசுங்க."

"அசையாம படுங்க தாத்தா. கால ஆட்டக்கூடாது."

"நான் ஆட்டல. எனக்குக் கால்ல கடிச்சது விரியன். உங்க ரெண்டு பேரையும் எது கடிச்சுது?"

ஒவ்வொரு முறை பாடும்போதும் சபை மொத்தமாகச் சிரித்த இடம் இதுதான். அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஆஸ்பத்திரி நகைச்சுவை என்றாலே நோயாளியின் பயத்தை, அவர் பேச்சை, மருந்துப் பெயரை அவர் மாற்றிச் சொல்வதை வைத்துச் சிரிக்க வைப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. வலியோடு வந்து படுத்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் சபை சிரிக்கும்; ஆனால் நாளைக்கு அதே வார்டில் நாம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் எங்கள் கதையில் சிரிப்பை அவர் வாயில் வைத்தோம். கூட்டத்திலேயே கூர்மையான ஆள் அவர்தான். சண்டை என்ன, யார் மேல் தப்பு என்று கடைசியில் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். டாக்டர்களின் பொறாமை சிறியது என்பதை நாங்கள் வசனமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடிபட்ட ஒருவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டால், அதுவே சொல்லிவிடுகிறது.

20 நிமிடம் முடிந்து குழாயைச் சாய்க்கிறார்கள். ரத்தம் ஓடுகிறது. அந்த இடத்தில் தாளத்தை நிறுத்திவிட்டோம். நகைச்சுவைதானே என்று இங்கேயும் சிரிப்பை நீட்டித்தால் கதையின் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். விஷமுறிவு மருந்து தூளாக வரும். ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி நீர் விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரை வரும் என்பதால் மெல்லச் சுழற்ற வேண்டும்; நாங்கள் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுவோம். கேட்க எளிதாக இருக்கிறது. நடு இரவில் 10 குப்பிகளைக் கரைத்துப் பாருங்கள், கை ஓய்ந்துவிடும். பக்கத்தில் அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும், ஒவ்வாமை வந்தால் உடனே போட. மேடையில் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருந்தவர்கள் ஆளுக்கொரு குப்பியை எடுத்து உருட்ட ஆரம்பித்தார்கள். குடம் அந்தக் கை அசைவுக்குத் தாளம் போட்டது. சமாதான வசனம் ஒன்று எழுதி வைத்திருந்தோம். இந்த உருட்டலைப் பார்த்ததும் அது வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். மருந்து போட்டு 6 மணி நேரம் கழித்து மறுபடி குழாய் வைக்க வேண்டும். அது விடியற்காலை. இந்த முறை குழாய் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

காலை ரவுண்ட்ஸில் பச்சைமுத்து வந்து எல்லாப் பெயரையும் தான் வாங்கிக்கொள்ளப் பார்ப்பான். சீஃப் பாராட்டத் தொடங்கும்போது பெரியவர் குறுக்கிடுவார்: "இல்லய்யா, இந்த டாக்டரம்மாதான் புதுக் குழாய் கேட்டாவ. இந்தத் தம்பி நேத்து ராத்திரி இங்கன இல்லவே இல்ல." ரவுண்ட்ஸில் பேர் வாங்குகிற போட்டி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. அதற்குச் சாட்சி எப்போதும் படுக்கையில் இருக்கிறது என்பதை இளம் டாக்டர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பொருணையை யாரும் வெல்கிற பரிசாக வைக்கக்கூடாது என்பதில் எங்கள் பெண்கள் உறுதியாக இருந்தார்கள். அவளுக்கென்று ஒரு பொறாமை வேண்டும். அதையும் மணிமுத்துவைச் சுற்றியே வைக்க வேண்டாம் என்று, லேபர் வார்டில் சித்ரா தன்னைவிடக் கூடுதலாகப் பிரசவம் பார்த்துவிட்டாள் என்ற எரிச்சலைக் கொடுத்தோம். அதுதான் நிஜமும்கூட. எங்கள் பேட்ச்சில் காதலுக்காகத் தூக்கம் கெட்டவர்களைவிட, பார்த்த கேஸ்களை எழுதிவைக்கும் லாக் புத்தகத்தில் பக்கத்து ஆளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள் அதிகம். சித்ரா தேரோட்டத்துக்கு லீவு கேட்டதும் மணிமுத்துவுக்காக இல்லை. சின்ன வயதிலிருந்து வடம் பிடிக்கப் போகிறவள், இந்த வருஷமும் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பொறாமைக்கு அடியில் இருக்கும் காரணம் இப்படிச் சாதாரணமாக இருந்தால் யாரையும் வில்லன் ஆக்காமல் கதையை முடிக்கலாம்.

சிஸ்டர் பாத்திரத்தை சிஸ்டர்களிடமே கொடுத்து எழுதச் சொன்னோம். கதைகளில் அவர்களை ஒன்று கிண்டலுக்கு வைக்கிறார்கள், இல்லையென்றால் டாக்டரைப் பார்த்து மயங்க வைக்கிறார்கள் என்று அவர்களுக்கு வருத்தம் உண்டு. நியாயமான வருத்தம். அவர்கள் எழுதிக் கொடுத்த சிஸ்டர் அதிகம் பேசவே இல்லை. தேவையான பொருளைத் தேவையான நேரத்தில் எடுத்து நீட்டினார், அவ்வளவுதான். எங்கள் கதையில் எல்லா முடிச்சும் அவர் கையால்தான் அவிழ்ந்தது.

கூட வேலை செய்கிறவர்களை வைத்து இப்படி ஒன்றைச் செய்ய நினைக்கிறவர்கள் ஒரு ஏற்பாட்டை முதல் நாளே பேசிவிடுவது நல்லது. யாருக்கு எந்த வரி உறுத்தினாலும் காரணம் சொல்லாமல் அடித்துவிடலாம். மற்றவர்கள் ஏன் என்று கேட்கக்கூடாது. பேட்ச்சில் யாருக்கு யார் மேல் மனசு, எது முறிந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், ஒரு சின்ன வரிகூடத் தைத்துவிடும். ஒரு தோழி ஒத்திகையில் பேனாவை வாங்கி ஒரு பல்லவியை அடித்தார். நல்ல பல்லவி அது. யாரும் கேட்கவில்லை, வேறு எழுதினோம், அவர் கடைசி வரை எங்களோடு பாடினார். நோயாளிகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். நிஜமாக வந்த ஒருவரின் ஊர், வயது, வியாதி மூன்றும் சேர்ந்துவிட்டால் பெயரே வேண்டாம், சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் கதையில் பாம்பு கடித்த பெரியவர் முழுக்கக் கற்பனை.

பிறகு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடிக் கொடைக்குப் பாடக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி ஹாலில் செல்லுபடியானது அங்கே அப்படியே எடுபடாது என்று வில்லடிக்கச் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதலிலேயே சொல்லிவிட்டார். லாக் புத்தகம், ரோஸ்டர், சீஃப் எல்லாவற்றையும் எடுத்தோம். ஸ்டெத் நின்றது, தேரோட்ட லீவு நின்றது, குழாய் நின்றது. டாக்டர்களுக்கு "ரத்தம் உறைந்தது" என்றால் போதும், அங்கே கதை முடிந்துவிடும். ஊருக்கு, கடிபட்டவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார் என்று பாட வேண்டும். அதனால் அவரை வீட்டுக்கு அனுப்பும்போது அவர் வாயாலேயே நாலு வரி வைத்தோம்: கடிவாயைக் கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கயிறு போட்டு இறுக்காதீங்க, காலை அசைக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க, ராத்திரி வயலுக்குப் போனால் டார்ச்சும் காலுக்குப் பூட்சும் எடுத்துக்கிடுங்க. காதல் கதைக்கு வந்த கூட்டம் அந்த வரிகளைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டது.

பொருணை யாரைக் கட்டினாள் என்று பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஹவுஸ் சர்ஜன் வருஷம் முடிந்தால் ஒருவர் மேற்படிப்புக்கு ஒரு ஊர், இன்னொருவர் வேலைக்கு வேறு ஊர் என்று பிரிந்துபோவதுதான் நடப்பு. அதைத்தான் பாடி நிறுத்தியிருந்தோம். வில்லுக்காரப் பெரியவர் அந்தக் குரலைப் பார்த்து, "அவ இன்னும் படிச்சு முடிக்கல தாயி" என்றார். அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது.

அடுத்த பேட்ச் எங்களிடம் பாட்டுப் புத்தகத்தைக் கேட்டபோது, குழாய்க் காட்சியையும் குப்பி உருட்டுவதையும் மட்டும் கொடுத்தேன். தேரோட்ட லீவு எங்கள் சண்டை. அவர்கள் ரோஸ்டரில் அடித்துத் திருத்தியிருக்கும் பெயர்கள் வேறு. அதை வைத்துத்தான் அவர்கள் எழுத வேண்டும்.